தட்டு வண்டியில் வந்த சம்மதம்

தட்டுக்காரருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவர் ஓட்டும் வேன். அதன் கூரைமேல் ஒரு பெரிய வெள்ளைத் தட்டு மடங்கிப் படுத்திருக்கும். வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்து, உள்ளே ஒரு பொத்தானை அமுக்கினால் தட்டு சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்திருக்கும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்து, வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்கும். பிடித்துவிட்டால் பச்சை விளக்கு எரியும். அப்புறம் அந்த வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரோடும் பேசலாம்.

செல்போன் கோபுரம் எட்டிப் பார்க்காத மலைக் குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு தடவை இந்த வண்டி போகும். பாதை முடிகிற இடத்தில் இருப்பது கடைசிக் குடியிருப்பு. அதற்கு மேலே ஆடுகளும் மேகமும்தான். வண்டி ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நின்றதும் சனங்கள் வரிசை கட்டிவிடுவார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனோடு பேச ஒருவர், மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்க ஒருவர், கம்பளி வாங்குகிற வியாபாரியிடம் கத்த ஒருவர்.

இந்தப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. வண்டியில் பேசுகிற பேச்சு வானத்துக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, அந்தப் பக்கத்துக் காதில் விழ வேண்டும். பதிலும் அதே மாதிரி ஏறி இறங்கித்தான் வரும். நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்றுமே கேட்காது. ஒரு மூச்சுதானே என்று லேசாக நினைக்கக் கூடாது. அந்த மூச்சுக்குள் அண்ணன் தம்பி பகை முளைத்திருக்கிறது. ஒரு தாய், "உடம்பு சரியாயிடுச்சா?" என்று மகனைக் கேட்டாள். பதில் உடனே வரவில்லை. மகனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இவள் அழுதாள். அழுகை போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அவன் அங்கே அழுதான். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

அதனால் தட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார். வண்டியில் ஏறுகிற எல்லாருக்கும் அதை உறுமலாகச் சொல்லுவார்.

"பேசு. பேசி முடிச்சதும் 'சொல்லு'ன்னு சொல்லு. அப்புறம் பதில் வர்ற வரைக்கும் வாயை மூடு. குறுக்கே பேசினா ரெண்டு பேச்சும் முட்டிக்கும்."

சட்டம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது என்றும் சொல்லலாம். வண்டி இல்லாத நாளில்கூடக் கடைசிக் குடியிருப்பில் சனங்கள் அப்படியே பேசப் பழகிவிட்டார்கள். ஆடு மேய்ப்பவர் சாப்பிட உட்கார்ந்து, "குழம்புல உப்பு இல்ல, சொல்லு" என்பார். அவர் மனைவி ஒரு மூச்சு நிறுத்தி, "கண்ணு முன்னாடிதானே உப்பு இருக்கு, எடுத்துப் போட்டுக்கோங்க, சொல்லுங்க" என்பாள். சண்டை குறைந்திருக்கிறது என்று அந்த ஊரில் பேச்சு. ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவர் காத்திருந்தால் பாதிச் சண்டைக்கு வேலையே இல்லை.

தட்டுக்காரர் ஐம்பதை நெருங்கியவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆகல, அவ்வளவுதான்" என்பார். அடிவாரப் பட்டணத்தில் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. காலையிலிருந்து மாலை வரை ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருப்பாள். யாரும் திருப்பிப் பதில் சொல்லமாட்டார்கள், அவளும் எதிர்பார்க்க மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். அத்தானுக்குக் கடைசியாகப் பேச எப்போது இடம் கிடைத்தது என்று அவரே மறந்துவிட்டார். ஆனால் தங்கமான மனசு. தம்பி தனியாகக் கிடக்கிறானே என்பது அவளுக்குத் தீராத குறை.

கடைசிக் குடியிருப்பில் தையல்காரம்மா ஒருத்தி இருந்தாள். வயது நாற்பதுக்கு மேல். கணவர் சாலை போடும் வேலையில் இருந்தவர், எப்போதோ காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரே அறை வீடு. ஜன்னலோரம் கால் மிதி மிஷின், சுவரில் ஆணி அடித்து மாட்டிய வெட்டுத் துணிகள், சாக்பீஸ் தூள் படிந்த மேஜை. வாராவாரம் வேனுக்கு வந்து பட்டணத்து ஜவுளிக்கடைக்காரரிடம் துணிக்குச் சொல்லி அனுப்புவாள். சரக்கைக் கொண்டுவருவதும் தட்டுக்காரர்தான்.

ஒரு தடவை அவர் வண்டி இருக்கை கிழிந்தது. தைக்கக் கொடுத்தார். கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் தட்டுக்கு ஓர் உறை. அப்புறம் ஜன்னலுக்குத் திரை. அப்புறம் சட்டைக் காலர். பிறகு கிழிய வேண்டிய எதுவும் வண்டியில் மிச்சமில்லை. ஒருநாள் அவர் கொண்டுவந்த துண்டை அவள் விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டிரைவரே, இது கிழிஞ்ச கிழிசல் இல்ல. கத்திரிக்கோல் வெச்சுக் கிழிச்சிருக்கு."

"அப்படியா? எலி கடிச்சிருக்கும்."

"நேர்கோட்டுல கடிக்கிற எலியா? நல்ல எலிதான்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மலையிறக்கத்தில் வழி நெடுக அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள்ளேயே இருந்தது. முகத்துக்கு நேரே கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. வண்டியை எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் திருப்பிவிடுவார், இந்தப் பேச்சைத் திருப்பத் தெரியவில்லை.

கடைசியில் அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு அப்போதே கல்யாணம் முடிந்த சந்தோஷம்.

"எனக்கு விடுடா. நேரா நானே கேட்டுடறேன். ஆனா அந்த வளைவுப் பாதையில என்னால வர முடியாது, பாதி மலையில குடலே வெளியே வந்துடும். போன்லதான் கேட்பேன்."

வேன் போனின் எண்ணை நாள்காட்டியின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். எந்த நாள், எந்த நேரம், யாரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று எல்லாமே சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு மூச்சைப் பற்றி. ஆபீஸ் வண்டியைச் சொந்தப் பேச்சுக்குத் தொட மாட்டேன் என்று இத்தனை வருஷம் இருந்தவர், அதனால் அக்கா ஒருநாளும் வேனோடு பேசியதில்லை. வண்டிக்குள் ஏறுகிறவர்களுக்குத்தான் சட்டத்தைச் சொல்லிச் சொல்லிப் பழக்கம். அந்தக் கோடியில் பேசுகிறவருக்கும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போன் மணி அடித்தது. தட்டுக்காரர் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான். எங்க அக்கா" என்று கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு கூரைமேல் ஏறி, ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கீழே வரிசையில் நின்ற ஆடு மேய்ப்பவர், "மழையே இல்லையே, எதைத் துடைக்கிறீங்க, சொல்லுங்க" என்றார். இவர் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

கதவு சீக்கிரமே திறந்தது. தையல்காரம்மா இறங்கினாள். முகம் இறுகிப்போயிருந்தது. மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே நின்றாள்.

"வேண்டாம்டா தம்பி. அவளுக்கு இஷ்டம் இல்ல."

"அப்படிச் சொன்னாளா?"

"வாயைத் திறந்தாத்தானே. 'என் தம்பியைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா'ன்னு நேராவே கேட்டேன். பேச்சு மூச்சு இல்ல. ஒரு பொம்பளை அப்படி வாயடைச்சு நின்னா என்ன அர்த்தம்? ஐயோ, நல்ல மனுஷியைத் தர்மசங்கடத்துல மாட்டிவிட்டுட்டோமேன்னு ஆயிடுச்சு. 'விட்டுடும்மா, இந்தப் பேச்சே வேண்டாம், மனசுல வெச்சுக்காதே'ன்னு சொல்லி வெச்சுட்டேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தட்டுக்காரர் கேட்ட மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இதே கூத்தை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறார்! ஆனால் தனக்கு 'இல்லை' என்றுதான் பதில் வரும் என்று அவர் மனசு முன்பே முடிவு கட்டி வைத்திருந்தது. எதிர்பார்த்தது வந்ததும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. "சரி" என்று மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் மேலாளரிடம், தனக்குக் கடலோரப் பாதையைக் கொடுக்கும்படி கேட்டார். அங்கே மீன்பிடித் தீவுகளுக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி படகில் ஏறிப் போகும்.

"மலை வேண்டாமா? நீங்களா கேட்கறீங்க?" என்று மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடுப்பு வலிங்க. வளைவு ஒத்துக்கல."

"சரி, அடுத்த மாசம் மாத்தித் தர்றேன். அந்த டிரைவருக்கும் படகு ஒத்துக்கலையாம்."

அடுத்த தடவை வண்டி போனபோது தையல்காரம்மா துணிக்குச் சொல்லக்கூட வரவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அது வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. கிளம்பும்போது தட்டுக்காரர் ஆடு மேய்ப்பவரிடம், "அடுத்த மாசத்திலேருந்து வேற ஆள் வருவார். நல்ல மனுஷன்தான்" என்றார். ஆடு மேய்ப்பவரிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. வண்டி முதல் வளைவைத் தாண்டுமுன் அது குடியிருப்பு முழுக்கப் போய்விட்டது.

அதற்கடுத்த வாரம் வண்டி நின்று, கல் வைத்து, தட்டு எழுந்து, பச்சை விளக்கு எரிந்தது. வரிசையின் கடைசியில் தையல்காரம்மா நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றக்கூடச் செய்யாமல் கிளம்பி வந்திருக்கிறாள். முறை வந்ததும் அவள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"வேற பாதைக்குப் போறீங்களாமே?"

"ஆமா."

"ஏனாம்?"

"இடுப்பு. வளைவு ஜாஸ்தி."

"வளைவு இன்னைக்குத்தான் முளைச்சுதா?"

தட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"ஆள் விட்டுக் கேட்டதும் நீங்க. வேண்டாம்னு சொன்னதும் நீங்க. இப்ப ஓடறதும் நீங்களா? நான் என்ன பண்ணினேன்?"

"வேண்டாம்னு சொன்னது நீங்கதானே?"

"நானா? நான் சம்மதம்னு சொன்னேன்யா!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஆட்டுப்பட்டியில் ஓர் ஆடு கத்தியது. தன் பேச்சை முடித்துக்கொண்டு போக வேண்டிய ஆடு மேய்ப்பவர் போகாமல் வேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா 'விட்டுடும்மா'ன்னு சொன்னாளாமே" என்றார் தட்டுக்காரர்.

"சொன்னாங்க. நான் சம்மதம்னு சொல்லி வாயை மூடலை, அந்தக் கையோட 'விட்டுடும்மா, இந்தப் பேச்சே வேண்டாம்'னு வந்துது. போனும் நின்னுபோச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டு வாரமா உங்க ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே தைச்சேன். ஒரு பாவாடைக்கு இடுப்பை ரெண்டு பக்கமும் மூடித் தைச்சுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நேத்து பிரிச்சுத் தைக்கறப்பதான் உறைச்சுது. அதெப்படிக் கையோட வரும்? இந்த வண்டியில யாரோட பதிலாவது அப்படி வந்திருக்கா? ஜவுளிக்கடைக்காரர்கிட்ட விலையைக் குறைங்கன்னா, 'முடியாது'ங்கிறதுகூட ஒரு மூச்சு கழிச்சுத்தான் வரும். அப்படின்னா அது எனக்கு வந்த பதிலே இல்ல. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அங்கேயிருந்து கிளம்பினது. என் சம்மதம் அங்கே போறப்ப அவங்க பேச்சோட முட்டியிருக்கும்."

தட்டுக்காரர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் நன்றாகக் கேட்டது.

"அக்காகிட்ட நான் சொல்லவே இல்ல" என்றார். "ஊருக்கெல்லாம் சொன்னேன். அவகிட்ட மட்டும் சொல்லல."

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் போனைக் கொடுங்க."

"இல்ல... ஆபீஸ் வண்டி... சொந்தக் காரியத்துக்கு நான்..."

"இது உங்க காரியம் இல்ல, என் காரியம். நான் இந்த ஊர்க்காரி, வரிசையில நின்னு வந்திருக்கேன். நம்பரைப் போடுங்க."

தட்டுக்காரர் நம்பரைப் போட்டார்.

பேருந்து நிலைய அறையில் அக்கா எடுத்தாள். பின்னால் எஞ்சின் உறுமலும் பிள்ளைகள் சத்தமும் கேட்டன. தையல்காரம்மா, சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போலப் போனின் ஒலிபெருக்கியை அமுக்கினாள்.

"அக்கா, மலையிலேருந்து தையல்காரி பேசறேன். அன்னைக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க. கேட்டுட்டு 'சொல்லு'ன்னு சொல்லுங்க. அப்புறம் என் பதில் வர்ற வரைக்கும் வாயைக் கையால பொத்திக்கோங்க. சொல்லுங்க."

ஒரு மூச்சு.

"வாயைப் பொத்தணுமா? யாரைப் பார்த்துடி..."

"அக்கா, குறுக்கே பேசாதீங்க..."

"...நான்தான் பெருந்தன்மையா விட்டுட்டேனே..."

"...முட்டிக்குது அக்கா, முட்டிக்குது!"

சக்கரத்தடியிலிருந்து ஆடு மேய்ப்பவர் கத்தினார்: "அக்கா, பேச்சு வானத்துக்குப் போயிட்டு வருது! நீங்க கேட்டப்ப அவங்க சும்மா இருக்கல, அவங்க பதில் வழியில இருந்துச்சு! சொல்லுங்க!"

எல்லாரும் காத்திருந்தார்கள். எஞ்சின் உறுமல் மட்டும் வந்தது. அது வழக்கமான மூச்சைவிட நீளமாக இருந்தது. அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு அத்தான் சொன்னார். பிறகு அவள் குரல் தழைந்து வந்தது.

"அட கடவுளே. சரிம்மா. என் தம்பியைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா? சொல்லு."

"சம்மதம்க்கா. அன்னைக்கும் சம்மதம்தான், இன்னைக்கும் சம்மதம்தான். சொல்லுங்க."

ஒரு மூச்சு. அப்புறம் அங்கேயிருந்து ஒரே ஆரவாரம், கைத்தட்டல், ஒரு பேருந்தின் நீண்ட ஹாரன். பதட்டத்தில் அக்கா அறிவிப்பு மைக்கை அணைக்காமல், போனையும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். கிளம்ப வேண்டிய வண்டிகள் எல்லாம் பதிலுக்காக நின்றிருந்தன. "ஐயையோ" என்ற அக்காவின் குரலும் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும்.

தையல்காரம்மா போனை வைத்துவிட்டுத் தட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்க அக்கா கேட்டாச்சு. பஸ் ஸ்டாண்டே கேட்டாச்சு. நீங்க இன்னும் ஒரு தடவைகூட என்கிட்ட கேட்கலையே?"

நடுவில் போன் இல்லை, தட்டு இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரம். இருந்தும் அவருக்கு வார்த்தை வரவில்லை. அவளுக்குப் பின்னால் புதிதாக வந்து நின்ற கம்பளி விற்கும் ஆள் காத்துப் பார்த்துவிட்டு, "லைன் கட்டாயிடுச்சா, சொல்லுங்க" என்றான்.

"துண்டை நான்தான் கத்திரிச்சேன்" என்றார் தட்டுக்காரர்.

"அது தெரியும். மேலே சொல்லுங்க."

"எனக்கு... வேற யாரும் தைக்க வேண்டாம்."

"இது போதும்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. நான் கீழே இறங்கி வரமாட்டேன். என் மிஷின் இங்கே, என் ஜன்னல் இங்கே. நீங்கதான் மேலே ஏறணும்."

தட்டுக்காரர் மேலாளரிடம் போய் நின்றார். இடுப்பு வலி சரியாகிவிட்டதாகவும், வண்டியை இனிமேல் மலை உச்சியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, அங்கிருந்து கீழே உள்ள மற்றக் குடியிருப்புகளுக்குப் போய்வரலாம் என்றும், டீசலும் மிச்சம் என்றும் சொன்னார். மேலாளர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். பேருந்து நிலைய அறிவிப்பை அவரும் கேட்டிருந்தார் போலும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படகு ஒத்துக்கொள்ளாத அந்தக் கடலோர டிரைவர் மட்டும் இன்னமும் இவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது தட்டு வண்டி தையல்காரம்மா வீட்டுச் சுவரையொட்டி நிற்கிறது. வாரம் ஒரு தடவை பேசிக்கொண்டிருந்த கடைசிக் குடியிருப்பு நினைத்த நேரத்தில் பேசுகிறது. பிரசவ வலி எடுத்தால் தாதியைக் கேட்க முடிகிறது, கம்பளி விலை ஏறினால் அன்றைக்கே தெரிகிறது. தட்டுக்காரருக்குத்தான் நிம்மதியாக ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை. தட்டில் கை வைத்ததும் ஜன்னலில் ஒரு தலை தெரியும்.

"தட்டுக்காரரே, மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், சொல்லுங்க."

"ஒரு வார்த்தைன்னு வருவே. ஆட்டுக்குட்டி பேரு முதக்கொண்டு சொல்லிட்டுத்தான் போவே" என்று இவர் உறுமுவார்.

"போங்க, சோத்தை நான் மூடி வெக்கிறேன்" என்பாள் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.

முனகிக்கொண்டே எழுந்து சாவியை எடுப்பார். முனகல் சும்மா பேச்சுக்குத்தான். சாப்பிட உட்காரும்போதே வண்டிச் சாவியைத் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்.